எனக்குக் கழன்றது

தால்காவே துறையின் விசாரணை அறையில்
விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது,
எங்கள் ஐவரின் ஈரக் கம்பளிக்கும் சேர்த்து ஒரே வாடை.
வெளியே மழை. சிலோயே தீவில்
அதைத் தனியாகச் சொல்லும் வழக்கமில்லை.

படகின் சாய்தளத்தைப் பிடித்திருந்தது ஒரு சங்கிலி.
சங்கிலியின் கொக்கியில் விரல்நீள ஆணி.
பூட்ட வேண்டியவர் நொல்பெர்த்தோ உவென்சூர்.
பூட்டவில்லை. அல்லது பூட்டினார், முழுக்க இல்லை.
எங்கள் மீன் ஆலைக்குப் பனிக்கட்டி ஏற்றி வந்த லாரி
நடுக் கால்வாயில் பின்பக்கமாகவே இறங்கியது,
முகப்பு விளக்குகள் எரிய எரிய.
நான் அந்தப் பனிக்கட்டியின் கணக்கன்.
நாலு டன் என்று சொல்வதற்காகக் கூப்பிட்டிருந்தார்கள்.

“என்ன நடந்தது?”
“சே மே சோல்தோ” என்றார் நொல்பெர்த்தோ.

பதினொரு வருடமாகக் கேட்கிறேன் இந்த வாக்கியத்தை.
தட்டு உடைந்தால், சாவி தொலைந்தால், சோறு அடிப்பிடித்தால்
இவர்கள் யாரும் எதையும் செய்ததாகச் சொல்வதில்லை.
பொருள்கள் தம்மைத் தாமே செய்துகொள்ளும்;
மனிதருக்கு மிஞ்சுவது ஒரு நான்காம் வேற்றுமை.
தன்னைத்தான் கழற்றிக்கொண்டது,
எனக்கு.

நாம் மட்டும் யோக்கியமா?
கை தவறிவிட்டது என்போம்,
கை என்னவோ பக்கத்து வீட்டுக்காரனுடையது போல.

லெப்டினென்ட் பெர்ரியோஸ் வல்பரைசோவிலிருந்து மாற்றலாகி வந்தவர்.
அவர் படிவத்தில் நான்கு கட்டங்கள்:
கவனக்குறைவு, அறியாமை, விதிமீறல், பிற.
“கழற்றியது யார்?”
“கழன்றது.”
“எனக்கு ஒரு எழுவாய் வேண்டும்” என்றார்,
கோபமே இல்லாமல்.
பேனா கட்டங்களுக்கு மேலே காற்றில் நின்றது.

என் மனதில் வேறொரு படிவம்.
வழு என்றால் பரீட்சைத்தாளின் சிவப்பு மை.
பிசகு, சுளுக்கு மாதிரி, நீவிவிட்டால் போகும்.
கோளாறு இயந்திரத்துக்கு.
குற்றத்துக்கு ஒரு கட்டடமும் காவலாளியும் வேண்டும்.
விரல்நீள ஆணிக்கு எது?

கடைசி பெஞ்சில் எர்மெலிந்தா கார்க்கமோ.
ஓட்டுநர் ஜன்னல் வழியே நீந்திக் கரையேறினார்.
உதவிக்குப் போன இவர் மகன் லிபோரியோ
சீட் பெல்ட் போட்டிருந்தான்,
விதிப்படி.

எழுந்து நொல்பெர்த்தோவைப் பார்த்துச் சொன்னார்:
“சோல்தாஸ்தே.”
நீ கழற்றினாய்.
அந்த அறைக்குக் கிடைத்த முதல் எழுவாய்.
நொல்பெர்த்தோ தலையசைத்தார்.
பேனா கீழே இறங்கியது.

“உங்கள் வாக்குமூலம், அம்மணி?”
கைப்பையின் கொக்கியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
அன்று காலை தூங்கிக்கொண்டிருந்தான் என்றார்.
படகு போய்விடும் என்று போர்வையை இழுத்தேன்.
இழுத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், நான்.
பிறகு, அடுப்பைப் பார்த்து,
“சே மே முரியோ.”

செத்துப்போனான், எனக்கு.

அதே சே. அதே மே.
நொல்பெர்த்தோ நிமிர்ந்தார்; அவர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும்.
இந்த முறை
பெர்ரியோஸ் எழுவாய் கேட்கவில்லை.

இரவில் தமிழில் சொல்லிப் பார்த்தேன், சத்தமாக,
புரிந்துகொள்ள அந்தத் தீவில் ஒருவரும் இல்லாததால்.
நொல்பெர்த்தோ தவறிவிட்டார்.
லிபோரியோ தவறிவிட்டான்.
ஓட்டுநர் தப்பினார் என்றேன்,
தப்பு உடனே நாக்கில் வந்து நின்றது.
யார் வைத்த ஏற்பாடு இது?
எந்த நாளில் எந்தத் தண்ணீரிலிருந்து ஏறி வந்தவன்
பிழைத்தேன் என்று ஒரே மூச்சில்
இரண்டையும் சொல்லிவிட்டுப் போனான்?

மூன்று வாரம் கழித்துப் படகில் நொல்பெர்த்தோவைப் பார்த்தேன்,
இப்போது கயிறு மட்டும்தான் சுற்றுகிறார்.
சங்கிலிப் பக்கம் அவரை விடுவதில்லை, அவரும் போவதில்லை.
எப்படி இருக்கிறீர்கள் என்றேன்.
“இருக்கிறோம்” என்றார். பன்மையில்.

மாதக் கணக்கு முடிக்கும்போது
பனிக்கட்டி, நாலு டன் என்பதற்கு நேரே
‘கரைந்தது’ என்று எழுதினேன்.
யாருக்கு என்று எழுத
பேரேட்டில் பத்தி இல்லை.